கல்லைக் கொத்தும் கோழி ஏன் தோல்முட்டை இடுகிறது?

(திருவக்கரையில் கோழி வளர்ப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மத்தியானக் கூட்டத்துக்கு இவ்வளவு பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. வக்கிரகாளியம்மன் கோயிலில் பௌர்ணமி ராத்திரி கூட்டம் கூடுவது எனக்குத் தெரியும். கோழியின் முட்டை ஓட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்றுதான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நான் கால்நடை மருத்துவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வெள்ளைக்காரர் ஞாபகம் வரும். சொன்னரா என்று பெயர். பிரெஞ்சுக்காரர். 1781-இல் உங்கள் ஊர்க் கல்மரங்களைப் பற்றி வெளியுலகத்துக்கு முதலில் எழுதிச் சொன்னவர் அவர்தான். கல்மரப் பூங்காவைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் தெரியும். கோழிக்காரனுக்கு இன்னொன்றும் தெரியும். நம் மேற்கு மலைக் காடுகளில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழிக்கு அறிவியல் வைத்த பெயர் ‘காலஸ் சொன்னராட்டி’. அதே மனிதரின் பெயர். நம் வீட்டுக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழிதான் என்றாலும், காலிலும் தோலிலும் மஞ்சள் நிறம் வந்தது இந்தச் சாம்பல் காட்டுக்கோழி வழியாக என்று 2008-இல் மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள். கல்லாகிப் போன மரத்துக்கும் மஞ்சள் கால் கோழிக்கும் ஒரே ஆள் சாட்சி. ஆகவே இந்த ஊரில் கோழியைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லாத காரியம் ஒன்றும் இல்லை.

போன முறை வந்தபோது ஒரு தம்பி கேட்டார்: “சார், எங்க ஊர்ல கல்லுக்கா பஞ்சம்? கோழி நாள் முழுக்கக் கல்லைத்தான் பொறுக்குது. அப்புறம் ஏன் தோல்முட்டை போடுது?” ஓடு இல்லாமல் வெறும் தோலோடு வருகிற முட்டையைச் சொல்கிறார். நல்ல கேள்வி. இன்றைக்கு அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

மேசைமேல் மூன்று கிண்ணம் வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கிற அக்கா, கொஞ்சம் எழுந்து வந்து பாருங்கள். முதல் கிண்ணத்தில் உங்கள் ஊர் மண்ணில் கிடந்த கல்மரச் சில்லு. பூங்காவுக்குள் எடுக்கவில்லை, பயப்படாதீர்கள், வயல் வரப்பில் கிடந்தது. இரண்டாவதில் கிரஷரில் இருந்து வந்த கருங்கல் தூள். மூன்றாவதில் மரக்காணம் பக்கத்துக் கிளிஞ்சல், அம்மியில் தட்டியது. இப்போது கோயில் வாசலில் வாங்கிய எலுமிச்சம்பழத்தை மூன்றிலும் பிழிகிறேன். முதல் கிண்ணத்தில் என்ன தெரிகிறது? ஒன்றும் இல்லை. இரண்டாவதில்? ஈரமானதுதான் மிச்சம். மூன்றாவதைக் காதருகே வைத்துக் கேளுங்கள். சோடா பாட்டில் திறந்த மாதிரி மெல்லிய சத்தம், நுரை. அக்கா தலையாட்டுகிறார்.

அவ்வளவுதான் விஷயம். கல்மரம் என்பது மணற்சத்து, சிலிக்கா. இரண்டு கோடி ஆண்டுக்கு முன் மணலுக்கு அடியில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, நாரிருந்த இடத்தில் கல் உட்கார்ந்தது. வளையம்கூட அழியவில்லை. ஆனால் அதில் சுண்ணாம்பு கிடையாது. கிரஷர்க் கல்லிலும் கோழிக்குப் பயன்படுகிற மாதிரி இல்லை. சிப்பி, கிளிஞ்சல், முட்டை ஓடு மூன்றும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். புளிப்புப் பட்டால் பொங்கும். கோழியின் வயிற்றிலும் புளிப்புதான் இருக்கிறது. அங்கே பொங்கிக் கரைவதுதான் ரத்தத்துக்குப் போகும்.

வேடிக்கை என்னவென்றால், சில மைல் தள்ளி வழுதாவூர்ப் பக்கம் போனால் பூமிக்குள் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. ஏழு கோடி ஆண்டுக்கு முன் அங்கே கடல். கடற்சிப்பிகள் படிந்து இறுகிய பாறை. ஒரே வட்டாரத்தில் ஒரு பக்கம் மரம் கல்லாயிற்று, ஒரு பக்கம் சிப்பி கல்லாயிற்று. கோழிக்கு உதவுவது சிப்பிக் கல்.

அதற்காக உங்கள் ஊர்க் கல் வீண் என்று சொல்லவில்லை. கோழிக்குப் பல் கிடையாது. தானியத்தை முழுசாக விழுங்கி, அரைவைப்பையில் கல்லோடு சேர்த்து மாவாக்குகிறது. கரையாத கல்தான் அங்கே அம்மிக்கல். மேயும் கோழிக்கு அது தானாகக் கிடைத்துவிடும். அரைப்பதற்கு ஒரு கல், ஓட்டுக்கு ஒரு கல். கடையில் இரண்டையும் ‘கிரிட்’ என்றே விற்கிறார்கள். அங்கேதான் குழப்பம். வாங்கும்போது எலுமிச்சம்பழத்தைக் கையில் கொண்டு போங்கள்.

இதே குழப்பம் பெரிய படிப்பாளிகளுக்கும் வந்தது. 1799-இல் வாக்லன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஒரு கோழிக்குப் பத்து நாள் ஓட்ஸ் தானியம் மட்டும் போட்டார். உள்ளே போன சுண்ணாம்பையும், முட்டை ஓட்டிலும் எச்சத்திலும் வெளியே வந்த சுண்ணாம்பையும் அளந்தார். வெளியே வந்தது அதிகம். சாதாரண ஆள் இல்லை அவர், குரோமியத்தைக் கண்டுபிடித்தவர். அவரே திகைத்துப் போனார். பிறகு இருபதாம் நூற்றாண்டில் கெர்வ்ரான் என்று இன்னொரு பிரெஞ்சுக்காரர் வந்தார். சுண்ணாம்பே இல்லாத மண்ணில் கோழிகள் மைக்காவைக் கொத்திவிட்டு நல்ல ஓட்டோடு முட்டையிடுவதைச் சின்ன வயதில் பார்த்தவர். கோழி தன் உடம்புக்குள் ஒரு தனிமத்தை இன்னொரு தனிமமாக மாற்றுகிறது, அணுவையே மாற்றுகிறது என்று புத்தகம் எழுதினார். 1993-இல் அவருக்குக் கேலிக்கான ‘இக் நோபல்’ கொடுத்தார்கள்.

கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் கண்ணால் கண்டது பொய் இல்லை. தீனியில் சுண்ணாம்பு இல்லாமல் சில நாள் கோழி நல்ல ஓடு போடத்தான் செய்யும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெறும் நொய்யும் தவிடும் போட்ட கோழி முதல் சில முட்டையைக் கல் மாதிரி போடும். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? எலும்பில் இருந்து.

முட்டையிடும் பருவத்துக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால் பெட்டைக்கோழியின் கால் எலும்புக்குள், மஜ்ஜை இருக்கும் இடத்தில், புதிதாக ஓர் எலும்பு வளர்கிறது. மெல்லிய முள் முள்ளாக, வலை மாதிரி. சேவலுக்கு இது கிடையாது. முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியைக் குழம்பு வைத்தவர்கள் கால் எலும்பைக் கடித்து உறிஞ்சிப் பாருங்கள், உள்ளே நறநறவென்று இருக்கும். அதுதான் அவளுடைய சேமிப்பு. ராத்திரி ஓடு கட்டும்போது வயிற்றில் சுண்ணாம்பு தீர்ந்துபோனால் இதைக் கரைத்துக் கொடுக்கிறாள். காலையில் தின்றால் திரும்ப நிரப்பிக்கொள்கிறாள். நிரப்ப ஒன்றும் இல்லை என்றால்? அடுத்தது உடம்பைத் தாங்குகிற எலும்பு. பிறகு ஓடு மெலியும், தோல்முட்டை வரும், கடைசியில் கோழி காலை நீட்டிப் படுத்துவிடும். நாம் வாதம் என்போம், மந்திரிக்கப் போவோம்.

கணக்கைச் சொல்கிறேன். ஒரு முட்டை ஓடு ஐந்தரை கிராம் என்று வையுங்கள். அதில் கால்சியம் மட்டும் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். கோழியின் மொத்த எலும்புக்கூட்டில் இருப்பதே இருபது கிராம் சுமார்தான். பத்து முட்டைக்கு ஓர் எலும்புக்கூடு. பண்ணையில் வருஷத்துக்கு 300 முட்டை இடுகிற வெள்ளைக்கோழி போடும் ஓட்டை மட்டும் சேர்த்து நிறுத்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அந்தக் கோழியின் எடையே அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பின்வரிசையில் ஒரு ஆயா கேட்டது எனக்குக் காதில் விழுந்தது: “எங்க மாமியா கோழிக்கு யாரு சிப்பி வாங்கிப் போட்டா?”

யாரும் போடவில்லை ஆயா. போட வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் மாமியார் வளர்த்த சிறுவிடைக் கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். பிறகு அடைக்கு உட்காரும். 21 நாள் அடை. குஞ்சு பொரித்த பிறகு இரண்டு மாசம் குஞ்சோடு அலையும். அத்தனை நாளும் முட்டை கிடையாது. நத்தை, பூச்சி, சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பு என்று பொறுக்கித் தின்று எலும்பை நிரப்பிக்கொள்ளும். வருஷத்துக்கு அறுபது எண்பது முட்டைதான். அந்தக் கோழிக்கு அடைதான் விடுமுறை.

இப்போது நீங்கள் வைத்திருப்பது என்ன? இங்கே பாதிப் பேர் வீட்டில் கிராமப்பிரியா, அல்லது அந்த மாதிரிக் கலப்பு. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் கொண்டு வந்த கோழி. பார்க்க நாட்டுக்கோழி மாதிரி பழுப்பாக இருக்கும். வருஷத்துக்கு 200 முட்டை தரும். அடைக்கு உட்காராது. அடை உட்காராத கோழிக்கு விடுமுறை இல்லை. மாமியார் போட்ட தீனியையே இதற்கும் போட்டுவிட்டு, ‘கவர்மெண்டு கோழி ஓடு சரியில்ல’ என்கிறோம். என் கணிப்பில் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கோழிகளின் ஓட்டுக் கோளாறில் பெரும்பாலானதற்குக் காரணம் இதுதான். கோழி மாறிவிட்டது, முறம் மாறவில்லை.

முறத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அரிசிக் குருணையில் கால்சியம் ஏறக்குறைய இல்லை. கம்பு, சோளம் கொஞ்சம் தேவலை. தானியத்தில் கேழ்வரகுதான் ராஜா, 100 கிராமில் 350 மில்லிகிராம் சுமார். சரி, கேழ்வரகே போடுகிறேன் என்பீர்கள். தினம் ஒரு முட்டை இடும் கோழிக்கு நாளைக்கு நாலு கிராம் கால்சியம் தீனியில் வேண்டும், ஏனென்றால் தின்பதில் பாதிதான் உடம்பில் சேரும். கேழ்வரகால் அதைச் சரிக்கட்ட வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். கோழி தின்பதே நூறு, நூற்றுப்பத்து கிராம். கீரை போடுங்கள், நல்லது, மஞ்சள் கரு நிறம் கொடுக்கும். அகத்தியிலும் முருங்கையிலும் கால்சியம் உண்டு. ஆனால் கீரையால் ஓடு கட்டிவிட முடியாது. தவிட்டில் மணிச்சத்து அதிகம், அதுவும் கோழியால் எடுத்துக்கொள்ள முடியாத வடிவத்தில். அது கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். தவிடே கதி என்று இருக்கிற வீட்டில் ஓடு இன்னும் மோசம்.

கடையில் முட்டைக்கோழித் தீவனம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லேயர் மாஷில் மூன்றரை முதல் நாலு சதவீதம் கால்சியம் போட்டுத்தான் அரைக்கிறார்கள். அதை மட்டுமே போட்டால் போதும். ஆனால் நம் வீட்டில் என்ன நடக்கிறது? மூட்டை விலை கட்டுப்படியாகவில்லை என்று ஒரு பங்கு மாஷ், ஒரு பங்கு குருணை. கால்சியமும் பாதியாகிவிட்டது. பாலில் தண்ணீர் கலந்தால் சண்டைக்குப் போகிற நாம் இதைக் கவனிப்பதில்லை. கலக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், காசு உங்கள் காசு. கலந்தால் சிப்பியைத் தனியாக வையுங்கள்.

எப்போது வைப்பது? இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. கரு புறப்பட்டு, வெள்ளை சேர மூன்று மணி நேரம், தோல் போர்த்த ஒன்றேகால் மணி நேரம். மிச்சம் இருபது மணி நேரமும் ஓட்டுக்குத்தான். அதில் பெரும்பகுதி ராத்திரி, கோழி கூண்டிலே கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது. அந்த நேரம் அவள் தின்பதில்லை. வயிற்றில் இருப்பதை வைத்துத்தான் ஓடு. மாவாகப் பொடித்த சுண்ணாம்புத் தூள் சாயந்திரத்துக்குள் குடலைத் தாண்டிப் போய்விடும். இரண்டு முதல் நாலு மில்லிமீட்டர் துண்டு, உளுந்து பருமன், அரைவைப்பையில் தங்கி விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆகவே மாவு வேண்டாம், துண்டு வேண்டும். காலையில் வேண்டாம், சாயந்திரம் வேண்டும்.

தீனியோடு கலக்கவும் வேண்டாம். பழைய கொட்டாங்குச்சியில் தனியாக, நனையாத இடத்தில் வைத்துவிடுங்கள். நான் என் வீட்டுக் கோழிகளிடம் பார்த்திருக்கிறேன். நாலரை மணிக்குமேல், மறுநாள் முட்டையிடப் போகிற கோழி கொட்டாங்குச்சிக்கு வந்து பத்துப் பதினைந்து தடவை கொத்தும். சேவல் வந்து ஒன்றை எடுத்து உதறிவிட்டுப் போய்விடும். தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஒவ்வொன்றுக்கும் தெரியும். பத்துக் கோழி இருந்தால் மாசத்துக்கு ஒன்றரை இரண்டு கிலோ கிளிஞ்சல் போதும். கடற்கரையில் பொறுக்கியது என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி உப்பை எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரும் ஓட்டுக்கு எதிரி, கடலோரத்து போர்த் தண்ணீர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் உடைத்த முட்டை ஓட்டையும் வீணாக்காதீர்கள். வாணலியில் வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போடுங்கள். முழு ஓட்டைப் போட்டால் முட்டை குடிக்கப் பழகிவிடும். சுட்ட சுண்ணாம்புக் கல்லை மட்டும் வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.

குஞ்சுக்கும் வளரும் பெட்டைக்கும் இதெல்லாம் கிடையாது. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் பத்து வாரப் பெட்டைகளுக்கு இப்போதே முட்டைக்கோழித் தீவனம் போடுங்கள், எலும்பு பலமாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். படித்த திமிர். அடுத்த மாசம் ஒவ்வொன்றாகச் செத்தது. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். சிறுநீரகம் வீங்கி, உள்ளே வெள்ளைக் கோடு கோடாக, சுவருக்கு அடித்த மாதிரி. வேண்டாத சுண்ணாம்பைக் கழிக்க முடியாமல் அது அடைத்துக்கொண்டுவிட்டது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, “டாக்டர் சொன்னாருன்னுதான் போட்டேன்” என்று மட்டும் சொன்னார். வளரும் கோழிக்கு ஒரு சதவீதம் போதும். கொண்டை சிவந்து, கை வைத்தால் குந்துகிற பருவத்தில்தான் கொட்டாங்குச்சி.

சிப்பி வைத்தும் ஓடு சரியாகவில்லை என்றால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு குடலைக் கடக்க வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் மேயும் கோழிக்கு அது உண்டு. கொட்டகையில் அடைத்து வைத்ததற்குத் தீவனத்தில்தான் வர வேண்டும். அந்த வைட்டமினைப் பயன்படும்படி மாற்றுவதில் முதல் வேலை கல்லீரலுடையது. இங்கேதான் நம்ம ஊர் மல்லாட்டை, நிலக்கடலை, வருகிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள் நாடெங்கும் போன பெருமை நமக்கு உண்டு. ஆனால் மழையில் நனைந்த மல்லாட்டையில், பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகம் அதைக் கண்டுபிடித்தது. அதற்குக் காரணம் பிரேசிலில் இருந்து போன கடலைப் புண்ணாக்கு. அந்த நஞ்சு நேரே கல்லீரலைத்தான் பிடிக்கும். ‘மனுஷனுக்கு ஆகாது, கோழிக்குப் போடு’ என்று ஒதுக்குகிற புண்ணாக்கு கோழிக்கும் ஆகாது.

அப்புறம் கத்திரி வெயில். கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து இரைக்கும். இரைக்கும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு போய்விடுகிறது. ஓடு கால்சியம் கார்பனேட் அல்லவா, அந்தக் கார்பனேட்டுக்கு மூலப்பொருள் அந்த வாயுதான். சிப்பி எவ்வளவு தின்றாலும் பாதிச் சரக்கு இல்லை. போதாக்குறைக்கு வெயிலில் தீனியும் குறையும். மே மாசத்தில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும் தீனி வையுங்கள், மண்பானைத் தண்ணீர் வையுங்கள், நிழல் கொடுங்கள். நாமக்கல் பண்ணைக்காரர்கள் இந்த வெயிலோடு போராடித்தான் முட்டையை லாரியில் ஏற்றுகிறார்கள். சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, 2010-இல் வாரம் ஐந்தாயிற்று. அத்தனையும் குலுங்கிக் குலுங்கி உடையாமல் பள்ளிக்கூடம் வந்து சேர வேண்டும். அவர்களுக்கு ஓடு என்பது காசு.

வெள்ளைக்கழிச்சல் வந்து பிழைத்த கோழியும், வயதான கோழியும் தனிக் கதை. கிழக்கோழி முட்டை பெரிசாகும், ஓட்டுச் சரக்கு அதேதான், இழுத்துப் போர்த்த வேண்டியிருக்கிறது. அதற்கு வைத்தியம் குழம்புதான்.

கடைசியாக ஆயா இன்னொன்று கேட்டார், வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்துக் கொடுக்கலாமா என்று. கெடுதல் இல்லை. ஆனால் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் கால்சியம்கூடக் கரைந்திருக்காது. கோழி குடிப்பது கால் லிட்டர். நாலு கிராம் வேண்டிய இடத்தில் 200 மில்லிகிராம். வெற்றிலைக்கே வைத்துக்கொள்ளுங்கள் ஆயா.

மணி நாலாகப் போகிறது. வாசலில் தட்டிய கிளிஞ்சல் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், வீட்டுக்கு ஒன்று. இப்போது போய் வைத்தால் இன்றைக்கு ராத்திரி ஓட்டுக்கே ஆகும். அந்தக் கல்மரச் சில்லை வைத்திருக்கிற பையன் யார்? அதை எடுத்த வரப்பிலேயே போட்டுவிட்டுப் போ தம்பி.